சப்ரி பேசுகிற வியாழக்கிழமை

"ஷஹாத்தா சாச்சா, உங்க சப்ரி நேத்து நல்லாப் பேசினாரு. சாச்சிதான் அழுதுட்டாங்க."

பக்கத்து வீட்டுத் தஹானி இதைச் சொல்லிவிட்டுத் தும்யாத் போகிற மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நர்ஸ் படிப்புப் படிக்கிற பிள்ளை. பைத்தியம் கிடையாது. குடிக்கிற பழக்கமும் இல்லை.

ஷஹாத்தா அவித்த பயறு வாங்கப் போனவர், சட்டியோடு தெருவிலேயே நின்றுவிட்டார். அவர் மகன் சப்ரி போன குளிர்காலத்தில் செத்துப் போனான். அவனைக் குழிக்குள் இறக்கியவர் ஷஹாத்தா. கபன் துணிக்கு மேலே கையை வைத்துக் கடைசியாகத் தொட்டுப் பார்த்தவரும் அவர்தான். ஐஸ் ஃபாக்டரியில் நாற்பது வருசம் கிடந்த கைக்கு எது எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியும். அந்தக் குளிர் வேற.

அவர்கள் ஊர் இஸ்பத்துல் புர்ஜில் அப்போது புயல் பருவம். நைல் கடலில் விழுகிற வாயில் அலை சுவர் மாதிரி எழுந்து நின்றது. மீன் லாஞ்சுகளெல்லாம் கரையில் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டு கிடந்தன. லாஞ்சு போகாத நாளில் ஐஸுக்கு வேலையில்லை. வேலையில்லாத மனுசனுக்கு யோசனை அதிகம்.

வீட்டில் அவர் பெண்டாட்டி நஜிய்யா முந்தின நாள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். கையகல ரஹ்மா ரொட்டி. செத்தவர்கள் பேரைச் சொல்லிக் கப்ரடியில் கொடுக்கிற ரொட்டி. வியாழக்கிழமை தோறும் விடியக்காலையில் மாவு பிசைந்து, சுட்டு, கூடையில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மகன் கப்ருக்கு எடுத்துப் போவாள். வெள்ளிக்கிழமை காலையில் அதே ரொட்டி டீக்குத் தொட்டுக்க வரும். மிஞ்சிப்போச்சு என்பாள். ஒவ்வொரு வாரமுமா மிஞ்சும்? அவர் கேட்டதில்லை. ரொட்டியைக் கேள்வி கேட்டுத் தின்கிற ஆள் இல்லை அவர்.

அன்றைக்குக் கேட்டார்.

"நேத்து எங்க போன?"

"கப்ருக்கு."

"கப்ருல பேசினானா?"

நஜிய்யாவின் கை தட்டிலேயே நின்றது. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் இன்ஸாஃப் கத்தியைக் கீழே வைத்தாள். சப்ரியின் பெண்டாட்டி. தஹானி படிக்கிற நர்ஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். நடத்துகிறதை விடப் பாடம் கட்டுகிறதுதான் அவளுக்கு வேலை. அங்கே மனுசன் அளவுக்கு ஒரு பொம்மை இருக்கிறது. மூச்சு விடும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும். அதுக்கு என்ன வியாதி வரணும், எப்ப வரணும், பிள்ளைகள் என்ன செய்தால் தேறணும், என்ன செய்யாவிட்டால் மோசமாகணும் என்று முன்கூட்டியே எழுதிக் கட்டணும். பிள்ளைகள் உயிருள்ளவன் மேல் கைவைக்கும் முன்னால் அதில் பழகுவார்கள். இதெல்லாம் ஷஹாத்தாவுக்கும் தெரியும். பொம்மையை வைத்து வைத்தியம் படிக்கிறவனிடம் ஊசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

"நான் சொல்றேன் மாமா," என்றாள் இன்ஸாஃப். "அவரு ஆஸ்பத்திரில இருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாருல்ல. அதைப் பொம்மைல ஏத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

"நெஞ்சடைப்பை வயித்துக் கோளாறுன்னு நெனச்சுத்தானே அவரைப் படுக்க வெச்சிருந்தாங்க. அந்தத் தப்பை இன்னொருத்தர் செய்யக் கூடாது. நோயாளி எப்படிப் பேசுவான்னு பிள்ளைங்க நெசமாக் கேக்கணும். நானோ மெஷின் ஓட்டுற மெத்வல்லியோ மைக்ல நடிச்சா அவங்களுக்குச் சிரிப்பு வருது."

"என் மகன் செத்ததை வாராவாரம் நாடகம் போடுறியா?"

"சாக மாட்டான்," என்றாள் நஜிய்யா, பட்டென்று. "அங்க அவன் சாக மாட்டான். நீங்க ஒரு நாளும் பாக்கல. சும்மா பேசாதீங்க."

ஷஹாத்தா ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். அடுத்த வியாழக்கிழமை கூடையோடு நஜிய்யா மினி பஸ்ஸில் ஏறினபோது அவரும் ஏறினார். ஐஸ் கொக்கியைச் சட்டைக்குள் செருகியிருந்தார். பொம்மையின் தொண்டையைக் கிழித்துவிட்டு வருவதாகத்தான் திட்டம்.

பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரியே ஓர் அறை. அதை ஒட்டி, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொந்து. பொந்துக்குள் மெஷினை ஓட்டுகிற மெத்வல்லி உட்கார்ந்திருந்தான். தொந்தியும் சிரிப்புமான ஆள். நஜிய்யாவுக்கு நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. அதில் ஒரு தலையணை கூட.

"வாங்க சாச்சா! உங்களுக்கும் ஒரு சீட்டு போடுறேன். தியேட்டர் மாதிரிதான். சீட்டு மட்டும் இலவசம், பொம்மை விலையைச் சொன்னா நீங்க மயக்கம் போட்டுருவீங்க."

"மனுசனுக்கு இல்லாத விலை பொம்மைக்கு எதுக்குடா?"

"பொம்மை உடைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்? மனுசனுக்கு யாரு பதில் சொல்றா?"

ஷஹாத்தாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. ஆனால் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மை படுத்திருந்தது. முகம் சப்ரி மாதிரி இல்லை. யார் மாதிரியும் இல்லை. அப்படி ஒரு முகம். பொறந்ததில் இருந்து ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடாத முகம். நெஞ்சு ஏறி இறங்கியது. கண் சிமிட்டியது. பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே வந்து, "சலாம் சப்ரி அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றார்கள்.

மெத்வல்லி ஒரு பொத்தானைத் தட்டினான்.

"நெஞ்சுல எங்க வாப்பாவோட ஐஸ்கட்டியைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு," என்றான் சப்ரி.

ஷஹாத்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவன் குரல்தான். 'வாப்பா' என்கிற இடத்தில் கொஞ்சம் இழுக்கிற அந்த இழுப்பு. பின்னால் யாரோ வார்டில் தட்டு போடுகிற சத்தம், அந்த நாளின் சத்தம், அதுவும் கூடவே வந்தது. பொம்மையின் உதடு பேச்சுக்குச் சரியாக அசையவில்லை. கொஞ்சம் பிந்தி அசைந்தது. யாரோ உள்ளே இருந்துகொண்டு வாயைத் தேடுவது மாதிரி இருந்தது.

"தாகமா இருக்கு. வயித்துக்கு ஏதோ மருந்து குடுத்திருக்காங்க. வரும்போது மிஷ் சீஸ் கொண்டா, இங்க சோறு மண்ணு மாதிரி இருக்கு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பொம்மையின் கண் மேலே செருகியது. திரையில் மலை மலையாக ஓடின கோடு சுருண்டு நடுங்கியது. பிள்ளைகள் தடுமாறினார்கள். ஒருத்தி நாடி பார்த்தாள், ஒருத்தி கட்டிலை இறக்கத் தெரியாமல் ஏற்றினாள், ஒருத்தி அழைப்பு மணியைத் தேடினாள். நெஞ்சில் கைவைத்து அழுத்தவேண்டியவள் வெகு நேரம் கழித்துத்தான் வைத்தாள். ஷஹாத்தா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நஜிய்யாவோ முன்னால் சாய்ந்து, கண்ணாடியில் மூச்சுப் படிய, பிரசவத்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கோடு மறுபடி மலையாக எழுந்தது. பொம்மை கண் திறந்தது.

"ஒண்ணுமில்ல. இப்ப சரியாயிருச்சு. நீ வா."

நஜிய்யா அழுதாள். துணி மூடின ரொட்டிக்கூடை அவள் மடியில் அப்படியே இருந்தது. இங்கே யார் பேரைச் சொல்லிக் கொடுப்பாள்? ரஹ்மா ரொட்டி செத்தவனுக்குத்தான்.

ஷஹாத்தா சட்டைக்குள் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். அது குத்திக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை போடுவியா?" என்று மெத்வல்லியிடம் கேட்டார். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

"அடுத்த கோஷ்டி வருது சாச்சா. இன்னிக்கு மூணு தடவை பிழைப்பாரு."

நஜிய்யா தண்ணி குடிக்கப் போன இடைவெளியில் மெத்வல்லி கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒண்ணு சொல்றேன், இன்ஸாஃப் மேடத்துக்கிட்ட சொல்லாதீங்க. இந்த மாதிரிப் பாடம் கட்டுறப்ப ரெண்டு வாய்க்கால் வெட்டணும். நேரத்துக்குக் கைவெச்சா ஒரு பக்கம் ஓடும், வைக்கலேன்னா இன்னொரு பக்கம் ஓடும். மத்த எல்லாப் பாடத்துலயும் மேடம் வெட்டியிருக்காங்க. இதுல மட்டும் ஒரு வாய்க்கால்தான். பிள்ளைங்க என்ன செஞ்சாலும், சும்மா நின்னாலும், கடைசில எந்திரிச்சுருவாரு."

"அதனால என்ன? நல்லதுதானே."

மெத்வல்லி மூக்கைச் சொறிந்துகொண்டான்.

அதற்கப்புறம் ஷஹாத்தா ஒரு வியாழனும் விடவில்லை. வெள்ளிக்கிழமை ரொட்டியைக் கேள்வி கேட்காமல் டீயில் நனைத்துத் தின்றார். வீட்டில் சண்டை ஓய்ந்தது. ஒரு நாள் நஜிய்யா வெங்காயம் அடைத்து வாத்து கூடச் சமைத்தாள், மகன் போன பிறகு முதல் தடவையாக. சாப்பிடும்போது, "இந்த வாரம் அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்துச்சு, பனி ஒத்துக்கல போல," என்றாள். ஷஹாத்தா, "ஆமா, நானும் கவனிச்சேன்," என்றார். இன்ஸாஃப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாத்துக் காலைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

புயல் அடங்கின வாரம் லாஞ்சுகளெல்லாம் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்டன. உப்புத்தண்ணித் தொட்டியில் இருந்து தகர அச்சுகளைச் சங்கிலியால் தூக்கி, வெந்நீரில் முக்கிக் கவிழ்த்தால், கட்டி வழுக்கிக்கொண்டு வந்து தரையில் இடிக்கும். சுற்றிலும் கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, உள்ளே மாட்டின மூச்சு. கொக்கி போட்டு இழுத்து அரைவை வாயில் தள்ளணும்.

"ஓய் ஷஹாத்தா, இழுக்கிறியா தாலாட்டுறியா? மீனெல்லாம் வயசாகிச் சாவுது ஓய்!" என்று கத்தினான் பய்யூமி. எடை பார்க்கிறவன், அவரோடு வேலைக்குச் சேர்ந்தவன்.

"உன் வாயை அரைவைக்குள்ள விட்டா ஊருக்கே ஐஸ் கிடைக்கும்டா."

பய்யூமி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தராசைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். "வாயு," என்றான். முகம் மீன் வயிறு மாதிரி வெளுத்திருந்தது.

மீன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வண்டிக்காரனின் ஓட்டத்தைத் திட்டிக்கொண்டே வந்தான். வார்டில் கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்தில் நின்றது தஹானி. படிக்கிற பிள்ளைகளை அங்கே பழக்கத்துக்கு விடுவார்கள். டாக்டரைக் கூப்பிட ஒருத்தன் போயிருந்தான். தஹானி சுறுசுறுப்பாக நெஞ்சில் ஒயர் ஒட்டினாள், பேர் கேட்டாள்.

"பய்யூமி. கல்யாணம் ஆனவன். நீ லேட்டு," என்றான் பய்யூமி.

பிறகு அவன் கண் மேலே செருகியது. திரையில் கோடு சுருண்டு நடுங்கியது.

தஹானி நாடியைத் தொட்டாள். கட்டிலைச் சரியாக இறக்கினாள். மணியை அழுத்தினாள். கை நெஞ்சுக்கு மேலே வந்து அங்கேயே நின்றது. அவள் பய்யூமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

"இப்பப் பேசுவாரு சாச்சா," என்றாள். "இப்பப் பேசுவாரு பாருங்க."

ஷஹாத்தாவும் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. ஓடவில்லை. அவளை உலுக்கவில்லை. 'ஒண்ணுமில்ல, இப்ப சரியாயிருச்சு' என்று வரும் என்று அவரும் காத்துக்கொண்டு நின்றார். பய்யூமியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அதில் ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் இருமினான். எங்கோ தட்டு போடுகிற சத்தம் கேட்டது.

கதவை உடைக்கிற மாதிரி ஒரு வயசான நர்ஸ் வந்தாள். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கல்யாண வீடா இது!" தஹானியைத் தோளால் தள்ளிவிட்டுக் கட்டிலில் முட்டி போட்டு ஏறி, பய்யூமியின் நெஞ்சை இரண்டு கையாலும் குத்தி அழுத்தத் தொடங்கினாள். விலா முறிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

பய்யூமி பிழைத்தான். பிழைத்தான் என்றுதான் சொல்லணும். வீட்டு வாசலில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கிறான். ஊட்டினால் தின்கிறான். ஷஹாத்தா போய்த் திட்டினார், அவனுக்குப் பிடித்த கெட்ட வார்த்தையாகப் பார்த்து. கண் சிமிட்டினான். அவ்வளவுதான். நெஞ்சு ஏறி இறங்கியது. இந்தக் கண்ணையும் இந்த நெஞ்சையும் எங்கே பார்த்தோம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்.

"இன்ஸாஃப். அவனைச் சாக விடு."

இன்ஸாஃப் ஒன்றும் புரியாதவள் மாதிரி நடிக்கவில்லை. தஹானி ஏற்கெனவே வந்து அவள் மடியில் விழுந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"முதல் வருசப் பிள்ளைங்க மனசு விட்டுருவாங்கன்னு..." என்று தொடங்கினாள். பாதியில் விட்டாள். "இல்ல மாமா. அது பொய். அவரு சாகுற பக்கத்தை எழுத உக்காருவேன். கை வராது. 'இப்ப சரியாயிருச்சு, நீ வா'ன்னு அவரு சொன்னது கடைசில இல்ல. நெஞ்சு நிக்கிறதுக்கு முந்தி. சரியாயிருச்சுன்னு சொல்றாரேன்னு நான் கிளாசை முடிச்சுட்டுப் போனேன். அதுக்குள்ள... நான்தான் அந்தப் பேச்சை எடுத்துக் கடைசில கொண்டுபோய் வெச்சேன்."

"எதுக்கு?"

"அப்படி வெச்சா அது நெசமாயிருதுல்ல."

மூலையில் இருந்து நஜிய்யா எழுந்து வந்தாள். சின்ன உருவம். ஆனால் ஷஹாத்தா ஓர் அடி பின்னால் போனார்.

"உங்களுக்கு என்ன? ஐஸ்ல கெடந்து கெடந்து ஐஸாவே போயிட்டீங்க. ஒரு தடவை புதைச்சது போதாதா? மறுபடி புதைக்கணுமா? வாரத்துக்கு ஒரு நாள் என் மகன் பேசுறான். அது யாருக்கு என்ன செய்யுது?"

"பய்யூமியைப் போய்ப் பாரு, என்ன செய்யுதுன்னு தெரியும்."

"அந்தப் பொண்ணுக்குத் துப்பில்ல, அவ்வளவுதான்!"

"நானும் நின்னேன் நஜிய்யா," என்றார் ஷஹாத்தா. "நானும் வாயப் பாத்துக்கிட்டு நின்னேன். என் கூட்டாளி சாகுறான், நான் உன் மகன் பேசுவான்னு நிக்கிறேன்."

நஜிய்யா அடுப்படிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். அதில் பாத்திரம் எதுவும் இல்லை.

இன்ஸாஃப் பாடத்தை மாற்றிக் கட்டினாள். பேச்சு இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. இரண்டாவது வாய்க்காலும் வெட்டியாயிற்று. மெத்வல்லி ஏற்றும்போது ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லையாம்.

வியாழக்கிழமை வந்தது. நஜிய்யா வரமாட்டாள் என்று நினைத்தார்கள். விடியக்காலையில் மாவு பிசைகிற சத்தம் கேட்டது. கூடையோடு வந்து, முதல் ஆளாக மினி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வந்தார்கள். தஹானி சுவரோரம் நின்றாள். இந்தத் தடவை பார்க்க மட்டும்தான் வந்திருந்தாள்.

"நெஞ்சுல எங்க வாப்பாவோட ஐஸ்கட்டியைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு." "தாகமா இருக்கு." எல்லாம் வழக்கம்போல. பிள்ளைகள் ஈசிஜி ஒயரை ஒட்டத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றான் சப்ரி. "இப்ப சரியாயிருச்சு. நீ வா."

பிள்ளைகளின் தோள் தளர்ந்தது. இதற்குமேல் ஒன்றும் வராது என்று அவர்களுக்குத் தெரியும். பாடம் முடிந்தது என்று ஒருத்தி கையுறையைக் கழற்றிவிட்டாள். ஒருத்தி சிரித்து, "இன்னிக்கு சீக்கிரமே சரியாயிட்டாரு," என்றாள். அந்தச் சிரிப்பின் பின்னாலேயே கண் செருகியது. கோடு சுருண்டது.

அவர்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் வாயைப் பார்த்தார்கள். பொந்துக்குள் இன்ஸாஃபின் விரல், அந்தப் பேச்சு இருக்கிற பொத்தானின் மேலே நின்றது. தொட்டால் போதும், சப்ரி மறுபடி பேசுவான். நஜிய்யா அந்த விரலைப் பார்த்தாள். ஷஹாத்தா நஜிய்யாவைப் பார்த்தார்.

நஜிய்யா கையை நீட்டி மருமகளின் விரலைப் பிடித்து மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கோடு நேரானது. நீண்ட ஒரே சத்தம். அதற்குப் பிறகுதான் ஒருத்தி பாய்ந்து நெஞ்சை அழுத்தினாள். அழுத்தினாள், அழுத்தினாள். இன்னொருத்தி மாறினாள். வாய்க்கால் அந்தப் பக்கம் போய்விட்டது. நெஞ்சு அவர்கள் அழுத்தினால் இறங்கியது, விட்டால் ஏறியது. தானாக அசையவில்லை.

இன்ஸாஃப் எழுந்து உள்ளே போனாள். "நிறுத்துங்க," என்றாள். பிள்ளைகளில் ஒருத்தி அழுதாள். "இவரு பேரு சப்ரி," என்றாள் இன்ஸாஃப். "என் புருசன். சரியாயிருச்சுன்னு சொன்ன பிறகுதான் செத்தாரு. உக்காருங்க. என்ன பாத்தோம், எதைப் பாக்கலன்னு ஒவ்வொருத்தராப் பேசுவோம்."

கதவு திறந்து நஜிய்யா வந்தாள். கூடையின் துணியை விலக்கினாள். முதல் ரொட்டியைத் தஹானி கையில் வைத்தாள்.

"தின்னு புள்ள. என் மகன் சப்ரிக்காக. அல்லா அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

தஹானி ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நஜிய்யா ஒவ்வொருத்தியாகக் கொடுத்தாள். பெயரைச் சொல்லி, சொல்லிக் கொடுத்தாள். கூடை காலியாயிற்று.

ஷஹாத்தா கட்டிலருகே போனார். பொம்மையின் கண் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி விடக் கூடாது. கையை வைத்து இமையை இழுத்து மூடினார். கை எடுத்ததும் திறந்துகொண்டது. மறுபடி மூடினார். மறுபடி திறந்து அவரையே பார்த்தது. தோல் சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. அறை எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"அது ஸ்பிரிங்கு சாச்சா," என்றான் வாசலில் நின்ற மெத்வல்லி. அவன் வாயிலும் ரொட்டி இருந்தது. "சுவிட்சை அணைச்சாத்தான் மூடும்."

ஷஹாத்தா இமையின் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"அணை," என்றார்.

கைக்குக் கீழே அது மூடிக்கொண்டது.